நெற்றிக் கோடும் ஊசி முனையும்

"தங்கச்சி, நெற்றியில் மூன்று கோடு விழுந்துவிட்டது. ஊசி போட்டால் போய்விடுமாமே? தெரிந்தவர் ஒருத்தர் வீட்டுக்கே வந்து போடுகிறாராம். கிளினிக்கை விட விலையும் குறைவு. ஏதும் பக்கவிளைவு வருமா? வீட்டில் யாருக்கும் இன்னும் சொல்லவில்லை."

எங்கள் கமுந்திங் பக்கத்து அக்கா ஒருவர் அனுப்பிய குரல் பதிவு இது. மகளுக்குக் கல்யாணம் நெருங்குகிறது. மேடையில் நிற்கவேண்டும், புகைப்படம் எடுக்கவேண்டும், சம்பந்தி வீட்டார் முன்னால் பளிச்சென்று இருக்கவேண்டும். ஆசையில் தவறே இல்லை. தலைக்குச் சாயம் அடிப்பதையும் புருவம் திருத்துவதையும் நாம் குற்றம் சொல்வதில்லையே! ஆனால் அவர் கேள்வியில் நான்கு விஷயங்கள் ஒன்றாக இருக்கின்றன: ஊசி, வீட்டுக்கு வரும் ஆள், குறைந்த விலை, ரகசியம். முதலாவதைப் பற்றித்தான் அவர் பயப்படுகிறார். என்னைக் கேட்டால், பயப்பட வேண்டியது மற்ற மூன்றுக்கும்.

இந்த வாரம் அதைப் பற்றியே பேசுவோம். பெண்களுக்கு மட்டும் என்று ஆண்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வேலை பார்க்கும் நம் தம்பிமார்கள் பலரும் 'இன்டர்வியூ'வுக்கு முன் இந்த ஊசியைப் பற்றி விசாரிக்கிறார்கள்.

கெட்டுப்போன இறைச்சியில் பிறந்த மருந்து

போடோக்ஸ் என்பது ஒரு வணிகப் பெயர். டிஸ்போர்ட், ஜியோமின் என்று வேறு பெயர்களிலும் இதே வகை மருந்துகள் வருகின்றன. எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது 'பொட்டுலினம்' என்ற நச்சுப்பொருள். ஒரு வகைப் பாக்டீரியா உண்டாக்கும் நஞ்சு. மனிதன் அறிந்த நஞ்சுகளிலேயே மிகக் கடுமையானவற்றுள் இதுவும் ஒன்று.

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க் பகுதியில் கெட்டுப்போன சாசேஜ் சாப்பிட்டவர்கள் கண் இமை தொங்கி, விழுங்க முடியாமல், மூச்சு நின்று இறந்தார்கள். யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர் அந்த நோய்க்குறிகளை ஒவ்வொன்றாக எழுதி வைத்தார். அவர் கவிஞரும்கூட. இந்த நஞ்சை மிகச் சிறிய அளவில் கொடுத்தால் மருந்தாகலாம் என்று 1822இலேயே ஊகித்தவரும் அவரே. லத்தீனில் 'பொட்டுலுஸ்' என்றால் சாசேஜ். பெயர் அங்கிருந்து வந்தது. 1895இல் பெல்ஜியத்தில் ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்கப் போன இசைக்குழுவினர் உப்பிட்ட பன்றி இறைச்சியைச் சாப்பிட்டு நோயில் விழுந்தனர், மூவர் இறந்தனர். அந்த இறைச்சியிலிருந்துதான் எமில் வான் எர்மெங்கெம் என்ற பேராசிரியர் பாக்டீரியாவைப் பிரித்துக் காட்டினார்.

பிறகு நஞ்சு மருந்தானது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர் மாறுகண்ணைச் சரிசெய்ய இதைத் துளியளவு பயன்படுத்திப் பார்த்தார். 1989இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கண் நோய்களுக்கு அனுமதி கொடுத்தது. கனடாவின் வான்கூவரில் ஜீன் கரதர்ஸ் என்ற கண் மருத்துவரிடம் இமைத் துடிப்புக்காக ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குப் புருவ நடுவே இருந்த கோடுகளும் மறைந்தன. அவருடைய கணவர் அலஸ்டேர் தோல் மருத்துவர். கணவனும் மனைவியும் சேர்ந்து ஆராய்ந்து 1992இல் கட்டுரை வெளியிட்டனர். 2002இல் புருவ நடுக் கோட்டுக்கான ஊசியாகவே இதற்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இன்று தீராத ஒற்றைத் தலைவலி, அளவுக்கு மீறிய அக்குள் வியர்வை, பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளின் தசை இறுக்கம் என்று பலவற்றுக்கும் இது மருந்து. குரல் நாண் இழுத்துக்கொண்டு பேச்சு விட்டுவிட்டு வரும் ஒரு நோய் உண்டு. அதற்கும் தொண்டையில் இந்த ஊசிதான். குரலை வைத்துப் பிழைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அது ஒரு வரம். ஆகவே, 'விஷம், கிட்டே போகாதே' என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட முடியாது. யார் கையில், எந்தப் புட்டியிலிருந்து, எத்தனை யூனிட் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உள்ளே போனதும் என்ன செய்கிறது?

நாம் புருவத்தைச் சுளிக்கும்போது, நரம்பின் நுனியிலிருந்து ஒரு வேதிப்பொருள் வெளியேறித் தசைக்குச் 'சுருங்கு' என்று கட்டளை கொடுக்கிறது. பொட்டுலினம் அந்த வேதிப்பொருளை வெளியே வரவிடாமல் அடைத்துவிடுகிறது. கட்டளை போகவில்லை, தசை சும்மா கிடக்கிறது, மேலே இருக்கும் தோல் மடியவில்லை. அவ்வளவுதான் சூட்சுமம். தோலை அது தொடுவதேயில்லை. வெயில் பட்டு வந்த கரும்புள்ளியையோ கன்னத் தொய்வையோ இது சரிசெய்யாது.

ஊசி போட்ட அன்றே பலன் தெரியாது. மூன்று நான்கு நாளில் தொடங்கி, இரண்டு வாரத்தில் முழுமையாகத் தெரியும். மூன்று நான்கு மாதத்தில் நரம்பு மீண்டு தசை பழையபடி வேலை செய்யும், கோடும் திரும்பிவிடும். கல்யாணத்துக்கு இரண்டு நாளைக்கு முன் போட்டுக்கொள்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பலன் தெரிவதற்குள் தாலி ஏறிவிடும். ஏதும் கோளாறானால் அது வரவேற்பன்று வந்து நிற்கும்!

இன்னொரு முக்கியமான விஷயம்: ஒருமுறை உள்ளே போன மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது, கரைக்கவும் முடியாது. முடிவு பிடிக்கவில்லை என்றால் மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் வழி.

சாதாரணமாக வரக்கூடியவை

தகுதி பெற்ற மருத்துவரிடம், சரியான அளவில், அசல் மருந்தைப் போட்டுக்கொண்டாலும் சில தொல்லைகள் வரலாம். பெரும்பாலும் சின்னவை. குத்திய இடத்தில் வலி, சிவப்பு, லேசான வீக்கம், ரத்தம் கன்றிப்போதல். நம் மாநிறத் தோலில் கன்றியது உடனே கண்ணில் படாது. தொட்டால் வலிக்கும், சில நாள் கருத்துத் தெரியும். சிலருக்குத் தலைவலி, சளிக்காய்ச்சல் வருவதுபோன்ற அசதி. சோதனைகளில் வெறும் உப்புநீர் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் தலைவலி வந்திருக்கிறது. ஆகையால் தலைவலி எல்லாவற்றையும் மருந்தின்மேல் போட்டுவிட முடியாது. இவை சில நாளில் அடங்கிவிடும்.

அடுத்த படியில் இருப்பவைதான் ஆட்களைக் கலங்கவைக்கும். புருவ நடுவில் போட்ட மருந்து சற்றுக் கீழே பரவினால், மேல் இமையைத் தூக்கும் தசையும் தளர்ந்துவிடும். ஒரு கண் பாதி மூடியதுபோல் ஆகும். போடோக்ஸ் உற்பத்தியாளரின் மருந்துக் குறிப்பேட்டின்படி, புருவ நடுவில் போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்கு மூவர் அளவில் இது நேர்ந்திருக்கிறது. நெற்றியில் அதிகமாகப் போட்டால் புருவமே இறங்கிக் கண்ணுக்கு மேல் பாரமாக உட்காரும். ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்தால் ஒரு புருவம் மட்டும் வில்லாக ஏறி நிற்கும். சும்மா இருக்கும்போதே யாரையோ முறைப்பதுபோல் தெரியும். கண்ணோரம் போட்டதில் கண் வறண்டுபோகலாம். வாயோரத்தில் தவறினால் சிரிப்பு ஒரு பக்கம் கோணலாகும். தண்ணீர் குடித்தால் ஓரத்தில் வழியும்.

இவையும் நிரந்தரமல்ல. சில வாரங்களில், அதிகம் போனால் மூன்று நான்கு மாதத்தில் சரியாகிவிடும். இமை தொங்கலுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் மருத்துவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சில வாரம் யாருக்கு எந்த வாரம் என்பதுதான் கேள்வி. வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியைக்கு, கடை முகப்பில் நிற்கும் பெண்ணுக்கு, பரதம் ஆடும் பிள்ளைக்கு முகம்தான் வேலை. புருவம் அசையாமல் நவரசம் காட்டுவது எப்படி?

அடிக்கடி, அதிக அளவில் போட்டுக்கொள்பவர்களுக்கு வேறொரு சிக்கல். உடல் அந்த மருந்தை எதிர்க்கப் பழகிவிட்டால், பிறகு எவ்வளவு போட்டாலும் வேலை செய்யாது. நாளைக்கே உண்மையான நோய் ஒன்றுக்கு இதே மருந்து தேவைப்பட்டால் அங்கும் பலிக்காமல் போகலாம். மூன்று மாதத்துக்குள் மீண்டும் போடாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அரிது, ஆனால் ஆபத்து

2009இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்த வகை மருந்துகள் எல்லாவற்றின் பெட்டிக் குறிப்பிலும் கட்டம் கட்டிய கடும் எச்சரிக்கை ஒன்றைச் சேர்க்கச் சொன்னது. மருந்து, போட்ட இடத்தை விட்டு உடலின் வேறு பகுதிகளுக்கும் பரவக்கூடும்; அதற்கான அறிகுறிகள் சில மணி நேரத்திலும் வரலாம், சில வாரம் கழித்தும் வரலாம் என்பது அந்த எச்சரிக்கை. பெரும் அளவில் ஊசி தேவைப்படும் நோயாளிகள், குறிப்பாகத் தசை இறுக்கத்துக்குச் சிகிச்சை பெற்ற பிள்ளைகள் பாதிக்கப்பட்டதே அதற்குக் காரணம். சுருக்கத்துக்காக, பரிந்துரைத்த அளவில், அசல் மருந்தைப் போட்டவர்களிடம் அப்படிக் கடுமையாகப் பரவியதாக உறுதியான பதிவு இல்லை என்றும் அந்த நிர்வாகமே அப்போது சொன்னது. இரண்டையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

அப்படியானால் ஆபத்து எங்கே இருக்கிறது? அளவு தெரியாத மருந்தில். ஊர் ஊராகச் சாட்சி இருக்கிறது.

2004இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், உரிமம் முன்பே நிறுத்திவைக்கப்பட்டிருந்த ஒரு மருத்துவர் ஆய்வுக்கூடத்துக்கு மட்டுமே உரிய வீரியமான நஞ்சை மலிவாக வாங்கி மூவருக்கும் தனக்கும் போட்டுக்கொண்டார். நால்வருக்கும் உடல் முடங்கிச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது. போட்டவரே விழுந்தார் என்றால், அது கெட்ட எண்ணத்தால் மட்டும் நடந்ததில்லை. புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்கே தெரியவில்லை.

2023இல் துருக்கிக்குப் போய், எடை குறைவதற்காக வயிற்றுக்குள் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்களில் 60க்கும் மேற்பட்டோர் நச்சு பாதிப்புக்கு ஆளாயினர். அவர்களில் பலர் ஜெர்மனிக்குத் திரும்பிய பிறகுதான் மருத்துவமனைக்கு ஓடினார்கள். 2024 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 11 மாநிலங்களில் 22 பெண்களைப் பற்றி எச்சரித்தது. போலி மருந்து, முறையாகக் கையாளப்படாத மருந்து, வீடுகளிலும் அழகு நிலையங்களிலும் போடப்பட்ட ஊசி. அவர்களில் 11 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 2025 ஜூன், ஜூலை மாதங்களில் இங்கிலாந்தில் மட்டும் 38 பேருக்கு இதே பாதிப்பு. உரிமம் பெறாத மருந்துதான் காரணமாக இருக்கலாம் என்று அந்நாட்டுச் சுகாதாரப் பாதுகாப்பு முகமை அறிவித்தது.

சட்டமும் வசதியும் நிறைந்த நாடுகள் இவை. அங்கேயே இந்தக் கதை என்றால், முகநூலில் விலைப்பட்டியல் போட்டு, பையில் புட்டியைச் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போகிறவரை நாம் எதை வைத்து நம்புவது? போடோக்ஸ் போன்ற மருந்துகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்கவேண்டும். பெரும்பாலும் தூளாகத்தான் வரும். உப்புநீர் விட்டுக் கலக்க வேண்டும். எவ்வளவு நீர் விட்டார் என்பதில்தான் ஒரு துளியில் எத்தனை யூனிட் என்பது அடங்கியிருக்கிறது. ஒரு நிறுவனத்தின் யூனிட்டும் இன்னொரு நிறுவனத்தின் யூனிட்டும் சமமல்ல. நம் ஊர் வெயிலில், மோட்டார் சைக்கிள் பெட்டியில் வரும் புட்டிக்கு இந்தக் கணக்கெல்லாம் யார் பார்ப்பது?

இந்த அறிகுறிகளைக் கத்தரித்து வையுங்கள்

நச்சு உடலில் பரவினால் பாதிப்பு மேலிருந்து கீழே இறங்கும். முதலில் இரண்டு இமைகளும் கனக்கும். பார்வை மங்கும் அல்லது ஒன்று இரண்டாகத் தெரியும். பேச்சு குழறும், குரல் கம்மும் அல்லது மூக்கால் பேசுவதுபோல் ஆகும். எச்சில் விழுங்கக் கஷ்டமாகும். பிறகு கழுத்து நிற்காது, கைகள் தளரும், மூச்சு முட்டும். சிலருக்குச் சிறுநீரை அடக்க முடியாமல் போகும். காய்ச்சல் இருக்காது, புத்தி தெளிவாகவே இருக்கும். அதனால்தான் 'அசதி, தூங்கினால் போய்விடும்' என்று ஆட்கள் ஏமாந்துவிடுகிறார்கள்.

பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி: ஊசி போட்ட சில நாளில் ஓர் இமை மட்டும் இறங்கியிருக்கிறது, வேறு தொந்தரவே இல்லை என்றால், போட்ட மருத்துவரை அழையுங்கள். இமையோடு பார்வை, பேச்சு, விழுங்குதல், மூச்சு இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் யாரையும் அழைத்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். 999ஐ அழையுங்கள். கமுந்திங்கில் இருப்பவர்களுக்குத் தைப்பிங் மருத்துவமனை அவசரப் பிரிவு கூப்பிடு தூரம்தான்.

இதற்கு முறிமருந்து உண்டு. ஆனால் அது மேற்கொண்டு பரவாமல் தடுக்குமே தவிர, ஏற்கெனவே முடங்கிய நரம்பை உடனே எழுப்பாது. எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது. தாமதித்தவர்கள் வாரக்கணக்கில் செயற்கைச் சுவாசத்தில் கிடக்க நேரிடும்.

இங்கேதான் அந்த ரகசியம் குறுக்கே வந்து நிற்கிறது. வயதான ஒரு பெண்மணி பேச்சுக் குழறி அவசரப் பிரிவுக்கு வந்தால், மருத்துவர் முதலில் பக்கவாதத்தைத்தான் நினைப்பார். அதற்கான ஸ்கேன் எடுப்பார். அது நியாயமே. 'முகத்தில் ஊசி போட்டேன்' என்ற ஒரு வரி கிடைத்தால் அவர் நினைப்பு வேறு பக்கம் திரும்பும். ஆனால் கட்டிலைச் சுற்றிக் கணவர் நிற்கிறார், மாமியார் நிற்கிறார், மகள் நிற்கிறாள். நோயாளிக்கோ வெட்கம். பேச்சே வராமல் போய்விட்டால் சொல்ல நினைத்தாலும் முடியாது. கூட வந்தவருக்குத் தெரியாது. நான் இந்தப் பத்தியில் எதற்காவது கெஞ்சுகிறேன் என்றால், இதற்குத்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் வீடுகளில் இதை ஏன் மறைக்கவேண்டி வருகிறது? 'இந்த வயதில் இது தேவையா?' என்ற கேலி வரும் என்பதால். 'முகத்தில் என்ன இவ்வளவு சுருக்கம், உடம்பு சரியில்லையா?' என்று விருந்து வீட்டில் கேட்பவர்களும் நாம்தான். அதைக் கேட்டு ஒருத்தி ஏதாவது செய்துகொண்டால் சிரிப்பவர்களும் நாம்தான். இரண்டு பக்கமும் இடித்தால் மத்தளம் எங்கே போய் முறையிடும்?

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியச் சுகாதார அமைச்சு 2013இல் அழகியல் மருத்துவத்துக்கென்று வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. இந்த ஊசியைப் போடுவது மருத்துவரின் வேலை. அழகுக்கலை நிபுணரோ, சிகை அலங்காரக் கடைக்காரரோ, 'கோர்ஸ்' முடித்தவரோ போடக் கூடாது. அவர் எவ்வளவு அழகான சான்றிதழைச் சுவரில் மாட்டியிருந்தாலும் சரி.

மருத்துவர் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிந்திருக்க வேண்டும். அந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் இருக்கவேண்டும். சாதாரணக் கிளினிக் மருத்துவர் என்றால், அழகியல் சிகிச்சை செய்யச் சுகாதார அமைச்சு வழங்கும் 'எல்.சி.பி.' என்ற தகுதிக் கடிதமும் வேண்டும். கிளினிக்கும் பதிவு பெற்றிருக்க வேண்டும். 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள் சட்டப்படி, பதிவில்லாமல் கிளினிக் நடத்துபவருக்கு 300,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஆறாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. மருந்துப் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் பதிவு எண்ணும் ஒளிரும் பாதுகாப்பு வில்லையும் இருக்கவேண்டும். அந்த எண்ணைத் தேசிய மருந்துக் கட்டுப்பாட்டு முகமையின் இணையதளத்தில் தட்டிப் பார்த்தால் மருந்தின் பெயர் வரும். வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

2020 அக்டோபரில் செராஸில் ஓர் அழகு நிலையத்தில் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சைக்குப் போன இளம்பெண் ஒருவர் உயிரிழந்த செய்தியைப் பலர் படித்திருப்பீர்கள். அது வேறு சிகிச்சை. ஆனால் பாடம் ஒன்றே: சிகிச்சை நடக்கும் இடத்தில், ஏதாவது தவறினால் உயிரைக் காக்கத் தெரிந்த ஆளும் அதற்கான கருவியும் இருக்கவேண்டும். அழகு நிலையத்து நாற்காலியில் அவை இருக்காது.

நாற்காலியில் உட்காரும் முன்

கேட்கக் கூச்சப்பட வேண்டாம். காய்கறிக் கடையில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம்.

உங்கள் பெயரும் பதிவும் என்ன, டாக்டர்? எல்.சி.பி. கடிதத்தைப் பார்க்கலாமா? எந்த மருந்து, எத்தனை யூனிட்? புருவ நடுவுக்கு வழக்கமாகப் போடும் போடோக்ஸ் அளவு 20 யூனிட். ஐந்து இடங்களில் பிரித்துப் போடுவார்கள். புட்டியை என் முன்னால் திறப்பீர்களா? ஏதாவது ஆனால் இரவில் யாரை அழைப்பது? இந்தக் கேள்விகளுக்கு நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். கோபப்படுகிறவர் உங்களுக்கு நல்லதையே செய்திருக்கிறார், கிளம்பி வந்துவிடலாம்.

அவரும் உங்களைக் கேட்கவேண்டும். தசைச் சோர்வு நோய், நரம்புத் தசை நோய் உள்ளவர்களுக்கு இந்த ஊசி பெரும் ஆபத்து. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் போதிய ஆய்வு இல்லாததால் மருத்துவர்கள் போடுவதில்லை. ஊசி போடும் இடத்தில் புண், சீழ் இருந்தால் ஆறட்டும். டிஸ்போர்ட்டில் பசும்பால் புரதம் சிறிதளவு இருப்பதால், அந்த ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சில வகை ஆன்டிபயாட்டிக் ஊசிகளும் தசை தளர்த்தும் மருந்துகளும் இதன் வீரியத்தைக் கூட்டும். இருதயத்துக்காக ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கன்றிப்போவது அதிகம். அதற்காக அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இவற்றில் ஒன்றையும் கேட்காமல் ஊசியை எடுப்பவர் மருத்துவராகவே இருந்தாலும் வேண்டாம்.

'ஃபில்லர்' என்ற ஊசியையும் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது தசையைத் தளர்த்துவதில்லை. பள்ளத்தை நிரப்பும் கூழ். தவறுதலாக ரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம். கண்ணுக்குப் போகும் குழாய் அடைத்தால் பார்வை நிரந்தரமாகப் போய்விடலாம். 'இரண்டும் சேர்த்துப் போட்டால் தள்ளுபடி' என்று யாராவது சொன்னால், தள்ளி நில்லுங்கள்.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். இது ஒருமுறை செலவல்ல. நெற்றி வழவழப்பாகவே இருக்கவேண்டும் என்றால் வருடத்துக்கு மூன்று தடவையாவது போகவேண்டும். நிறுத்தினால் முகம் முன்பைவிடக் கெட்டுவிடும் என்ற பேச்சில் உண்மையில்லை. பழைய நிலைக்குத் திரும்பும், அவ்வளவே. எனவே ஒருமுறை போட்டுவிட்டோம், விடமுடியாது என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை.

இதெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு மலிவான வழியும் இருக்கிறது. தோலைச் சீக்கிரம் மூப்பாக்குவதில் வெயிலும் புகையிலையும் முதலிடம். கருத்த தோலில் கோடு தாமதமாகத்தான் விழும். அது நம் தாத்தா பாட்டி நமக்கு விட்டுப்போன சொத்து. தோட்டத்தில் இருட்டோடு எழுந்து பால் மரம் வெட்டப் போனவர்கள் தலையில் துண்டும் உடம்பில் முழுக்கைச் சட்டையுமாகத்தான் போனார்கள். கொசுவுக்காகச் செய்தது வெயிலுக்கும் உதவியது. நாம் ஒரு தொப்பியும், 30க்குக் குறையாத வெயில் தடுப்புக் களிம்பும் வைத்துக்கொண்டால் போதும். களிம்பு வாங்கும்போது 'ஏழே நாளில் வெள்ளை' என்று எழுதியிருப்பதைத் தொடாதீர்கள். அப்படிப்பட்ட பல களிம்புகளில் பாதரசம் இருப்பதாகச் சுகாதார அமைச்சு அறிவித்துத் தடை செய்துகொண்டே இருக்கிறது.

ஊசிதான் வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் அந்த நாளுக்கு மூன்று வேலைகளை வைத்துக்கொள்ளுங்கள். விசேஷத்துக்கு ஆறு வாரத்துக்கு முன்பே போங்கள். கோணலானால் சரிபார்க்க நேரம் இருக்கும். மருந்துப் பெட்டியையும் புட்டி மேல் ஒட்டிய சீட்டையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்கும் அது உதவும், பக்கவிளைவைத் தேசிய மருந்துக் கட்டுப்பாட்டு முகமைக்குப் பொதுமக்களே தெரிவிக்கும் 'கன்செர்ஃப்' படிவத்தை நிரப்பவும் உதவும்.

மூன்றாவது வேலைக்குக் காசே வேண்டாம். கணவரோ, மகளோ, தங்கையோ, பக்கத்து வீட்டுத் தோழியோ, யாராவது ஒருவரிடம் எங்கே போகிறீர்கள், என்ன செய்துகொள்ளப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். உங்களால் பேச முடியாத நேரத்தில் உங்களுக்காகப் பேச ஓர் ஆள் வேண்டும்.